கடலுக்கடியில் ஒரு மெஸ்

"சூரிய வெளிச்சமே படாத இடத்தில், சூரியனை நம்பாமல் வாழும் அதிசய உயிர்கள்!" ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுகளைப் பத்தி எந்தச் சேனல்ல எதைப் போட்டாலும் இந்த வசனம் இல்லாம ஆரம்பிக்க மாட்டேங்கறாங்க. பின்னணியில 'டொய்ங்ங்ங்'னு ஒரு மியூசிக் வேற. இந்த வசனத்தோட எனக்கு ரொம்ப நாளா ஒரு வாய்க்கா தகராறு. அது பாதிதான் உண்மை. மீதிப் பாதியால, நம்ம நாடு கையெழுத்துப் போட்டிருக்கிற ரெண்டு காண்ட்ராக்ட் வரைக்கும் விவகாரம் போகுது. கொஞ்சம் நீளமான பதிவு. காப்பி கையோட உக்காருங்க மக்களே.

நான் இருக்கிறது நியூ ஜெர்சி, நியூ பிரன்ஸ்விக். படிக்கிறது சுற்றுச்சூழல் அறிவியலில் மாஸ்டர்ஸ். கடல் உயிரியல் எனக்கு மெயின் பாடம் கிடையாது, ஒரு எலெக்டிவ்ல போய் மாட்டிக்கிட்டேன், அதிலேர்ந்து வெளிய வர மனசில்லை. இந்த ஊர்ல இருந்துக்கிட்டு இந்த விஷயத்தைத் தப்பிக்கறதும் கஷ்டம். வெந்நீர் ஊற்றுகளுக்கு முதன்முதலா 1979ல் உயிரியல் குழுவைக் கூட்டிட்டுப் போன ஃப்ரெட் கிராசில்தான், 1989ல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்துல கடல் அறிவியல் நிறுவனத்தை ஆரம்பிச்சவர். அதே ரட்கர்ஸ்ல இருந்த ரிச்சர்ட் லட்ஸ் பேர் பின்னாடி வரும், ஞாபகம் வெச்சுக்கோங்க.

கதை 1977 பிப்ரவரியில் தொடங்குது. தென் அமெரிக்காவுக்கு மேற்கே காலபகஸ் பக்கம், சுமார் 2,500 மீட்டர் ஆழம். ஆல்வின் நீர்மூழ்கியில இறங்கினவங்க புவியியல், வேதியியல் ஆட்கள். பூமியின் தட்டுகள் விலகுற இடத்துல வெந்நீர் கசியணுமேன்னு ஒரு கணக்கு. கசிஞ்சது. கூடவே குவியல் குவியலா மட்டி, வெள்ளை நண்டு, சிவப்புக் கொண்டை வெச்ச ஆளுயரப் புழு! மேல கொண்டு வந்த தண்ணியைத் திறந்தா கப்பல் முழுக்க அழுகின முட்டை நாத்தம். கப்பல்ல ஒரு உயிரியலாளர்கூடக் கிடையாது. பிடிச்ச விலங்குகளைப் போட்டு வைக்க ஃபார்மலின் போதாம, வோட்காவுல ஊற வெச்சுக் கொண்டு வந்தாங்க. இது ஜோக் இல்லை.

அந்தப் புழுவுக்கு ரிஃப்டியான்னு பேர். ரெண்டு மீட்டர் நீளம் வரைக்கும் வளரும். வாய் கிடையாது, குடல் கிடையாது. அப்ப என்னதான் சாப்பிடுது? இதுக்கு விடை கிடைச்ச கதைதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. 1980ல் ஹார்வர்டுல ஒரு வகுப்பு. ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் புழு நிபுணர் மெரடித் ஜோன்ஸ் வந்து பேசறார். புழுவோட உடம்பு நடுவுல பஞ்சு மாதிரி ஒரு திசு இருக்கு, அதுல கந்தகத் துகள்கள் கிடக்குதுங்கறார். கோலீன் கவனாங்கற முதல் வருஷ ஆராய்ச்சி மாணவி எழுந்து, அப்ப அதுக்குள்ள கந்தகத்தை எரிச்சு வாழற பாக்டீரியா இருந்தாகணுமேன்னு சொல்றார். பெரியவருக்கு லேசுல ஒப்பவில்லை. ஆனா கடைசில திசுவைக் கொடுத்தார். 1981ல் சயன்ஸ் இதழ்ல கட்டுரை வந்தது. பாக்டீரியா இருந்தது, கோடி கோடியா. ஒரு மாணவி வகுப்புல எழுந்து நின்னதால ஒரு துறையே திரும்பின கதை. செமினார்ல கடைசி வரிசையில உக்காந்து மொபைல் நோண்டற கூட்டத்துக்கு இதைச் சமர்ப்பிக்கிறேன் :-)

சமையல் எப்படி நடக்குதுன்னு பார்க்கலாம். ஊற்றுத் தண்ணியில ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கு. நமக்கு அது எமன். நம்ம ஊர்ல சாக்கடைக் குழிக்குள்ள இறங்கற தொழிலாளிகளைக் கொல்ற வாயுக்கள்ல முதல் குற்றவாளி அதுதான். ரிஃப்டியாவின் ரத்தத்துல இருக்கிற ஹீமோகுளோபின் அந்த சல்ஃபைடை ஒரு கையிலயும் ஆக்சிஜனை இன்னொரு கையிலயும் பிடிச்சுக்கிட்டு உள்ள போகுது. ரெண்டையும் ஒண்ணோடொண்ணு மோத விடாம பாக்டீரியாகிட்ட ஒப்படைக்குது. பாக்டீரியா சல்ஃபைடை ஆக்சிஜனால எரிச்சு, அந்தச் சக்தியில கார்பன் டை ஆக்சைடைச் சர்க்கரையாக்குது. புழுவுக்குச் சாப்பாடு, பாக்டீரியாவுக்கு வாடகையில்லா வீடு.

மேல சொன்னதுல ஒரு வார்த்தையைக் கவனிச்சீங்களா? ஆக்சிஜன்.

2,500 மீட்டர் ஆழத்துல ஆக்சிஜன் எங்கேர்ந்து வந்தது? எரிமலை கொடுக்கலை. மேல, வெயில் படற கடல்லயும் நிலத்துலயும், பாசியும் செடியும் ஒளிச்சேர்க்கை பண்ணி விட்டது. அண்டார்க்டிகா ஓரத்துலயும் வட அட்லாண்டிக்கிலயும் குளிர்ந்து கனத்து மூழ்கற தண்ணி, அதைச் சுமந்துக்கிட்டு நூற்றுக்கணக்கான வருஷம் கடலடியில நடந்து வருது. சூரியன் சமைச்ச சாப்பாடு அங்கே வேண்டாம், ஒத்துக்கறேன். ஆனா அடுப்பெரியற காத்து சூரியன் கொடுத்தது. ஆக்சிஜனே வேண்டாத சில நுண்ணுயிர்கள் இருக்கு. ஹைட்ரஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் வெச்சு மீத்தேன் பண்ணிக்கிட்டுப் பிழைக்கிற ஆட்கள். அவங்க மட்டும்தான் நிஜமாவே சூரியனுக்குக் கடன்படாதவங்க. புழு, மட்டி, நத்தை, இறால், நண்டு எதுவும் அந்தக் கட்சி கிடையாது.

"சரி, அதுக்கென்ன இப்போ? பாடப்புத்தகத் திருத்தமா?"ன்னு கேப்பீங்க. இல்லை. 'சூரியனை நம்பாத' அப்படீன்னு சொல்லும்போது, அது தனி உலகம், அங்க என்ன பண்ணினாலும் நமக்கும் அதுக்கும் சம்பந்தமில்லைங்கற நினைப்பும் கூடவே உள்ள வந்துடுது. அதான் எனக்குப் பிரச்சினை.

அங்க யார் யாரைச் சாப்பிடறாங்கங்கறதை எப்படிக் கண்டுபிடிக்கிறாங்கன்னு தெரிஞ்சா இது இன்னும் புரியும். பக்கத்துல உக்காந்து பார்க்க முடியாது. வயித்தைக் கிழிச்சுப் பார்த்தாலும் பாதி நேரம் கூழ்தான். அதனால திசுவை எடுத்துக் காயவெச்சுப் பொடியாக்கி, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்ல விடறாங்க. சாதா நைட்ரஜனும் இருக்கு, கொஞ்சம் கனமான நைட்ரஜன் 15ம் இருக்கு. ஒருத்தரை ஒருத்தர் சாப்பிடச் சாப்பிட, ஒவ்வொரு படிக்கும் கனமானது ஆயிரத்துக்கு மூணு நாலு பங்கு ஏறும். கார்பன் 13 வேற கதை சொல்லும்: எந்த பாக்டீரியா எந்த வழியில கார்பனைப் பிடிச்சதோ அதோட முத்திரை, அதைத் தின்னவன் உடம்புலயும் அப்படியே இருக்கும். வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை எந்த மெஸ்ல சாப்பிட்டான்னு முடியைப் பிடுங்கிப் பார்த்துக் கண்டுபிடிக்கிற மாதிரி. (நிஜமாவே மனுஷ முடியை வெச்சும் இதைப் பண்ணலாம். கல்யாணத் தரகர்களுக்கு இலவச ஐடியா.)

இப்படிப் பார்த்ததுல வெளிய வந்தது நேர்கோட்டுச் சங்கிலி இல்லை, நிஜமாவே வலை. பாக்டீரியாவை உடம்புக்குள்ளயே வெச்சு வளர்க்கிறவங்க ஒரு பக்கம். பாறைமேல படிஞ்ச பாக்டீரியாப் பாயைச் சுரண்டித் தின்கிற சின்ன நத்தைகள் ஒரு பக்கம். அந்த நத்தைகளைத் தின்கிற விலாங்கு மாதிரியான மீன், எதையும் விடாத நண்டு, எப்பவாச்சும் எட்டிப் பார்க்கிற ஆக்டோபஸ். கிழக்கு பசிபிக்குல மீனும் நண்டும் நுழைய முடியாதபடி கூண்டு போட்டுப் பார்த்தாங்க, நத்தை எண்ணிக்கை ஏறிடுச்சு. நத்தை கூடினா சுரண்டல் கூடும். பாறையில புதுசா ஒட்ட வர்ற குட்டிகளையும் சேர்த்து வழிச்சுட்டுப் போயிடும். ஒரு மீனை எடுத்தா பாறையோட முகமே மாறும்னு அர்த்தம்.

வலையோட கயிறு ஊற்றோட முடியறதும் இல்லை. அட்லாண்டிக் நடுமுகட்டுல கூட்டம் கூட்டமா மொய்க்கிற ரிமிகாரிஸ்னு ஒரு இறால் இருக்கு. வளர்ந்த இறால், செவுள் அறையில பாக்டீரியாத் தோட்டம் போட்டு வாழுது. ஆனா அதோட குட்டிகளின் கொழுப்பைச் சோதிச்சா, வெயில்ல வளர்ந்த பாசியோட அடையாளம்! குட்டிப் பருவத்துல ஊற்றை விட்டு விலகி, மேலேர்ந்து வர்ற சாப்பாட்டைத் தின்னு வளர்ந்து, அப்புறம்தான் ஊற்றுக்கு வருது. ஹாஸ்டல் மெஸ்ல சேர்றதுக்கு முன்னாடி எல்லாரும் வீட்டுச் சாப்பாடுதானே. எதிர்த்திசையிலயும் போக்குவரத்து உண்டு. தென் பசிபிக் முகட்டுலேர்ந்து வெளியேறின இரும்பு, 4,000 கிலோமீட்டருக்கு மேல கடல்ல பயணம் பண்றதை 2015ல் நேச்சர் இதழ்ல காட்டினாங்க. மேல்கடல் பாசிக்கு இரும்பு எவ்வளவு அவசரம்னு கடல் படிக்கிறவங்ககிட்ட கேளுங்க.

பே ஏரியாவுல இருக்கிற தோழி ஒருத்தி, ஆக்டோபஸ் பத்தி எழுதாட்டி பேச மாட்டேன்னுட்டா. அதனால ரெண்டு வரி. மான்டெரேக்கு வெளிய, டேவிட்சன் கடல்மலை அடியில, 3,200 மீட்டர் ஆழத்துல, 2018ல் ஒரு ஆக்டோபஸ் பிரசவ வார்டு கண்டுபிடிச்சாங்க. ஆயிரக்கணக்குல தாய்கள், வெதுவெதுன்னு கசியற தண்ணிமேல முட்டையை அடைகாத்துக்கிட்டு. கந்தகச் சமையல் அங்க இல்லை, வெறும் சூடுதான். அந்தச் சூட்டுல முட்டை ரெண்டு வருஷத்துக்குள்ள பொரிஞ்சிடுது. சுத்தி இருக்கிற குளிருக்கு இன்னும் பல வருஷம் ஆகியிருக்கும். தாய்கள் எதுவும் சாப்பிடாம, பொரிஞ்சதும் செத்துப் போகுது. அந்த உடம்புகளைத்தான் சுத்தி இருக்கிற நத்தையும் இறாலும் தின்னு வாழுது. வெளியில எங்கயோ மேய்ஞ்சு சேர்த்த சாப்பாடு, ஊற்றைத் தேடி வந்து இறங்குது. எங்க இருக்கு தனி உலகம்?

நிற்க. நம்ம பக்கத்துக்கு வருவோம்.

இந்தியப் பெருங்கடல்ல மொரீஷியஸுக்குக் கிழக்கே, மூணு தட்டுகள் சந்திக்கிற இடத்துக்குப் பக்கத்துல, 2000ல் ஜப்பான்காரங்க கைரேய்ங்கற வெந்நீர்த் திடலைக் கண்டுபிடிச்சாங்க. அடுத்த வருஷமே சிண்டி வான் டோவர் தலைமையில அமெரிக்கக் குழு போச்சு. நம்ம கடல்ல ரிஃப்டியா கிடையாது. அதுக்குப் பதில் இறால் கூட்டம், முடி வெச்ச நத்தை, மட்டி, அப்புறம் உலகத்துல வேறெந்தக் கடல்லயும் பார்க்காத ஒரு ஆள்: இரும்புச் செதில் நத்தை. கால் முழுக்க ஓடு வேய்ஞ்ச மாதிரி செதில், அதுமேல இரும்பு சல்ஃபைடு பூச்சு. கவசம் போட்ட நத்தை! உணவுக்குழாய் ஓரத்துல பெருத்துப்போன ஒரு சுரப்பிக்குள்ள பாக்டீரியாவைக் குடி வெச்சிருக்கு, சாப்பாடு அங்கேர்ந்துதான். 2001ல் பார்த்த ஆளுக்கு 2015ல்தான் முறைப்படி பேர் வெச்சு வர்ணனை வந்தது. 2019ல், ஆழ்கடல் சுரங்கத்தால அழியும் ஆபத்துன்னு சர்வதேசச் சிவப்புப் பட்டியல்ல ஏறின முதல் உயிர் அதுதான். அப்ப அது இருக்குன்னு உறுதியாத் தெரிஞ்ச இடம் மூணே மூணு. அதுல ரெண்டு, ஏற்கனவே யாரோ தோண்டிப் பார்க்க அனுமதி வாங்கின பரப்புக்குள்ள.

நம்ம பங்கும் இதுல உண்டு. 2016 செப்டம்பர்ல, சர்வதேசக் கடலடி ஆணையத்தோட இந்தியா 15 வருஷ ஒப்பந்தம் போட்டது: மத்திய, தென்மேற்கு இந்தியப் பெருங்கடல் முகடுகள்ல 10,000 சதுர கிலோமீட்டர், சல்ஃபைடு தாதுவைத் தேடிப் பார்க்க. 2025 செப்டம்பர்ல கார்ல்ஸ்பெர்க் முகட்டுக்கு ரெண்டாவது ஒப்பந்தம். நடுவுல 2021ல் ஆழ்கடல் திட்டத்துக்கு 4,077 கோடி ரூபாய். 2024 டிசம்பர்ல நம்ம தானியங்கி நீர்மூழ்கி 4,500 மீட்டர் ஆழத்துல கொதிச்சுக்கிட்டிருக்கிற ஊற்றைப் படம் பிடிச்சது. இந்தியாவுக்கு முதல் படம். எனக்கும் பெருமையாத்தான் இருந்தது, மறைக்கலை. பண்ணினது நம்ம பள்ளிக்கரணையில இருக்கிற தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகமும் கோவாவில் இருக்கிற துருவ ஆய்வு மையமும்.

மேடவாக்கத்துல இருக்கிற சித்தப்பாதான் அந்தச் செய்தியை எனக்கு அனுப்பினது. நான் தாளிச்சுக்கிட்டே போன்ல பேசினேன்.

"ஏம்மா, நாம எடுக்கலைன்னா சீனாக்காரன் எடுத்துட்டுப் போவான். பேட்டரிக்கு கோபால்ட் வேணுமா வேணாமா?"

"சித்தப்பா, கோபால்ட் இருக்கிறது நடுக்கடல் சமவெளியில கிடக்கிற உருண்டைகள்ல. இது வேற ஒப்பந்தம். இங்க இருக்கிறது செம்பு, துத்தநாகம், கொஞ்சம் தங்கம், வெள்ளி."

"தங்கமா?!"

அதோட அவர் முழுசா எதிர்க்கட்சிக்குப் போயிட்டார்.

சீனா விஷயத்துல சித்தப்பா சொல்றது தப்பில்லை. 2011லயே தென்மேற்கு முகட்டுல ஒப்பந்தம் போட்டாச்சு. ஜெர்மனி 2015ல். நாம மட்டும் கையைக் கட்டிக்கிட்டு உக்காரணும்னு நான் சொல்லலை. ஆனா தோண்டலாம்ங்கறதுக்குச் சொல்ற காரணம் ஒண்ணு இருக்கே, அதை என்னால முழுங்க முடியலை. "ஊற்று உயிர்கள் எரிமலைக்கே பழக்கப்பட்டவை, அழிச்சாலும் ரெண்டு வருஷத்துல திரும்ப வந்துடும்" அப்படீங்கறது.

இதுக்கு ஆதாரமாக் காட்டறது பெரும்பாலும் நம்ம லட்ஸ் குழுவோட வேலைதான். 1991ல் கிழக்கு பசிபிக் முகட்டுல எரிமலை வெடிச்சு எல்லாத்தையும் எரிமலைக் குழம்பு மூடிடுச்சு. லட்ஸும் மத்தவங்களும் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தாங்க. முதல்ல பனிப்புயல் மாதிரி பாக்டீரியா. 1992ல் சின்னக் குழாய்ப் புழு. 1993 டிசம்பர்ல ஆளுயர ரிஃப்டியாக் காடு! வருஷத்துக்கு 85 சென்டிமீட்டருக்கு மேல வளர்ச்சி. அருமையான ஆராய்ச்சி. 2003ல் வந்த 'வால்கனோஸ் ஆஃப் த டீப் சீ' ஐமேக்ஸ் படத்துக்குப் பின்னாலயும் லட்ஸ் இருந்தார். (பரிணாமம்னு ஒரு வார்த்தை வருதுன்னு 2005ல் தென் மாநிலங்கள்ல சில தியேட்டர்கள் அந்தப் படத்தை வேண்டாம்னுடுச்சு. டெக்சாஸ் ஃபோர்ட் வொர்த் அருங்காட்சியகம் முதல்ல மறுத்து, பேப்பர்ல வந்ததும் மனசு மாறினது தனிக் காமெடி.)

ஆனா அந்தக் கணக்கு அந்த முகட்டுக்கானது. அங்க தட்டுகள் வருஷத்துக்குப் பத்து சென்டிமீட்டருக்கு மேல விலகுது. 1991ல் வெடிச்சது, 2005-06ல் வெடிச்சது, 2025ல் மறுபடியும். பக்கத்துப் பக்கத்துல ஊற்று, அதனால குட்டிகள் வந்து சேர வழி உண்டு. இடிஞ்சா உடனே கட்டற குடிசைவாசிகளோட ஊர் அது. நம்ம மத்திய இந்திய முகடு அதுல பாதி வேகம்கூட இல்லை, தென்மேற்கு முகடு இன்னும் ஆமை. ஊற்றுகள் ரொம்பத் தூரம் தூரமா, ஆயிரக்கணக்கான வருஷம் அணையாம எரியற அடுப்புகள். அங்க இருக்கிற ஆட்களுக்கு அடிக்கடி வீடு மாறிப் பழக்கம் இல்லை. சுனாமிக் குடியிருப்பை எவ்வளவு வேகமாக் கட்டினோம்னு காட்டி, தஞ்சாவூர்ப் பெரிய கோயிலை இடிக்க பெர்மிட் கேக்கற மாதிரி இருக்கு இது. 2021ல் ஊற்றுகள்ல மட்டுமே வாழற 184 நத்தை, மட்டி வகைகளை மதிப்பிட்டதுல, 62 சதவீதம் அழியும் ஆபத்துல இருக்குன்னு வந்தது. இந்தியப் பெருங்கடல் வகைகளோட நிலைமைதான் அதுல மோசம்.

இன்னொரு சமாதானம், "அணைஞ்சுபோன ஊற்றை மட்டும்தான் தோண்டுவோம்"ங்கறது. கேக்க நல்லா இருக்கு. அணைஞ்சதும் எரியறதும் பக்கத்துப் பக்கத்துல இருந்தா, இங்க தோண்டற சேறு அங்க போய் மட்டியோட செவுளை அடைக்கும். மேல பம்ப் பண்ணி, தாதுவைப் பிரிச்சுட்டுத் திருப்பி விடற கலங்கல் தண்ணி, குட்டிகள் மேய்ற நடுநீர்ல கலக்கும். தனி உலகம்னு நினைச்சாத்தான் வேலி போட்டுப் பிரிக்கலாம்னு தோணும். பள்ளிக்கரணையிலேயே இதைப் பார்த்திருக்கோமே. சதுப்பு நிலத்தைப் 'பொறம்போக்கு, ஒண்ணுக்கும் உதவாதது'ன்னு எழுதி வெச்சு, குப்பையைக் கொட்டி, கட்டடம் கட்டி, 2015 வெள்ளத்துல கழுத்து வரைக்கும் தண்ணி வந்தப்புறம்தான் அந்தத் தண்ணி எங்க போயிட்டிருந்ததுன்னு எல்லாருக்கும் உறைச்சது. 2022ல் ராம்சர் பட்டியல்ல சேர்த்தாங்க, மிஞ்சினதை.

சுரங்க விதிகளை 2025 ஜூலையில் கிங்ஸ்டன்ல கூடினப்பவும் ஆணையத்தால முடிவு பண்ண முடியலை. தேடறதுக்குத்தான் ஒப்பந்தம், தோண்டறதுக்கு இல்லை. அதனால கேக்க வேண்டியதைக் கேக்க நேரம் இருக்கு. நான் கேக்கறது ரொம்பப் பெரிசு இல்லை. எரியற ஊற்றுகளைத் தொட மாட்டோம்னு இந்தியா தானாவே முதல்ல அறிவிக்கட்டும். ரெண்டு ஒப்பந்தம் வெச்சிருக்கிற நாடு சொன்னா அதுக்கு ஒரு கனம் உண்டு. தாது எவ்வளவு டன்னுன்னு கணக்கெடுக்கிற அதே பயணத்துல, யார் யாரைத் தின்கிறாங்கங்கற கணக்கையும் எடுத்து, பூட்டி வைக்காம வெளியிடட்டும். படம் எடுத்தா அங்க யார் இருக்காங்கன்னு தெரியும். யார் யாரால இருக்காங்கன்னு தெரியாது. அதுக்குத் திசு வேணும், ஐசோடோப் வேணும், வருஷக்கணக்குல திரும்பத் திரும்பப் போகணும்.

மனுஷங்களை 6,000 மீட்டருக்கு இறக்கப்போற மத்ஸ்யா 6000ம் பள்ளிக்கரணையில உருவாகறதுதான். 2025 தொடக்கத்துல காட்டுப்பள்ளித் துறைமுகத்துல தண்ணியில இறக்கிச் சோதிச்சாங்க. டைட்டானியம் கோளத்துக்குள்ள மூணு சீட். ஊற்றுப் பக்கம் முதல் தடவை போறப்ப, அதுல ஒரு சீட்டை உயிரியலாளருக்குக் கொடுங்க. தூத்துக்குடியிலயும் பரங்கிப்பேட்டையிலயும் கடல் உயிரியல் படிச்சுட்டு வேலை தேடிக்கிட்டு இருக்கிற பிள்ளைங்களுக்கா நம்ம ஊர்ல பஞ்சம்?

பி.கு.: என்ன வோட்கான்னு பின்னூட்டத்துல கேக்கப்போற நண்பர்களுக்கு: ரஷ்ய வோட்கா, பனாமாவில் வாங்கினது. புழுவுக்குத்தான் ஊத்தினாங்களாம் :-)